இன்டேக் மேனிஃபோல்டில் எண்ணெய்: இழுத்ததா, தள்ளியதா?



போன மாதம் இதே இடத்தில் சோப்பு எப்படி அழுக்கை நீக்குகிறது என்று ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் அழகாக எழுதியிருந்தான். இந்த மாதம் நான் அழுக்கின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கார் இன்ஜினில் எண்ணெய் இருக்கக் கூடாத ஓர் இடத்தில் எண்ணெய் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? அதுதான் பாடம். "எங்க வீட்ல காரே இல்லையே" என்று அடுத்த பக்கம் போய்விடாதீர்கள். எங்கள் வீட்டிலும் இல்லை. பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறது.

பெரியப்பா ஒரு பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். அந்தக் காரில் நீலப் புகை வர ஆரம்பித்தது. நின்றுகொண்டு ஓடும்போது இன்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஒரு லிட்டர் எண்ணெய் காணாமல் போகும். ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். அவர்கள் ஒரு குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்து, "மேனிஃபோல்டு பூரா ஆயிலு. ரிங் போச்சு. இன்ஜினைப் பிரிச்சுத்தான் ஆகணும், முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி பெரியம்மா பீரோவைத் திறந்து செயினை எடுத்து வைத்ததை நான் பார்த்தேன். அக்காவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுவதற்காக வைத்திருந்த செயின் அது.

மறுநாள் அடகுக்கடைக்குப் போகும் வழியில், பெரியப்பாவின் பழைய சிநேகிதரான மெக்கானிக் அண்ணாச்சியின் கொட்டகையில் வண்டி நின்றது. அண்ணாச்சி முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆயிலு எந்த எடத்துல இருந்துச்சு?"

பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. ஒர்க்ஷாப்காரர்கள் சொல்லவும் இல்லை.

முதலில் இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்ப்போம். நோட்டில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டின் இடது முனை ஏர் ஃபில்டர். நடுவில் ஒரு கதவு, அதன் பெயர் த்ராட்டில். நாம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறப்பது அதுதான். கதவைத் தாண்டினால் இன்டேக் மேனிஃபோல்டு. அது ஒரு குழாயாக வந்து நாலாகப் பிரிந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைக் கொண்டு சேர்க்கும். கால் விரல்கள் மாதிரி இருக்கும்.

ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றுக்காக இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கதவுக்கு வலது பக்கம் காற்றழுத்தம் குறைந்துவிடும். டாரிசெல்லியின் பாதரசக் குழாய் சோதனை ஞாபகம் இருக்கிறதா? கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது கிட்டத்தட்ட 30 அங்குலம். நல்ல பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டில் ஐடிலிங்கின்போது 17 முதல் 21 அங்குலம் வரை உறிஞ்சல் இருக்கும். வளிமண்டலத்தில் பாதிக்கும் மேலே! இது எவ்வளவு பெரிய இழுவை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தக் கூத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கீழே வருவோம். சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு முழுவதும் பிஸ்டனை மட்டும் தள்ளிவிட்டுப் போகாது. புது இன்ஜினிலும் கொஞ்சம் வாயு ரிங்குகளைத் தாண்டி, எண்ணெய் இருக்கும் அடிப்பகுதிக்குள் இறங்கிவிடும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் இதை "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள். அந்த வாயு எண்ணெய்த் திவலைகளையும் நீராவியையும் சேர்த்துக்கொண்டு மேலே டேப்பட் கவர் வரை வரும். அதை வெளியே விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் கூடிப்போய் ஆயில் சீல்களெல்லாம் பிதுங்கி ஒழுகும்.

அந்தக் காலத்துக் கார்களில் ஒரு குழாயை ரோட்டைப் பார்த்துத் திருப்பி விட்டிருந்தார்கள். எல்லாம் காற்றில் கலந்தது. கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டம் உருவாகிறது என்று ஹாகன்ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950-களில் காட்டினார். 1961-ல் கலிபோர்னியா மாநிலம், இந்த அடிப்பகுதி வாயுவை வெளியே விடக் கூடாது, இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படிக் கட்டாயமான சின்னச் சாமான்தான் பி.சி.வி. வால்வு. நம் கட்டை விரல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குண்டூசித் தலை மாதிரியான அடைப்பானும் இருக்கும்.

ஆக, டேப்பட் கவரிலிருந்து இரண்டு ஹோஸ்கள் கிளம்புகின்றன. ஒன்று கதவுக்கு இடது பக்கம், அதாவது ஏர் ஃபில்டர் பக்கம் போகிறது. நல்ல காற்று அதன் வழியாக உள்ளே வரும். இன்னொன்று பி.சி.வி. வால்வு வழியாக, கதவுக்கு வலது பக்கம் மேனிஃபோல்டுக்குப் போகிறது. அழுக்கு வாயு அதன் வழியாக வெளியேறும். உங்கள் நோட்டில் இந்த இரண்டையும் வரைந்துகொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எலே, ஆயிலுக்குக் காலு கெடையாது. ஒண்ணு எவனாவது இழுத்திருக்கணும், இல்ல எவனாவது தள்ளியிருக்கணும். எவன்னு கண்டுபிடிக்காம ஸ்பேனரைத் தொடக்கூடாது."

தள்ளுவது என்றால் கீழேயிருந்து வரும் அழுத்தம். ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன் அதிகமானாலும் தள்ளும், பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டாலும் தள்ளும். அப்போது வாயு நல்ல காற்று வரும் ஹோஸில் தலைகீழாகத் திரும்பி ஏர் ஃபில்டர் பக்கம் எண்ணெயைத் துப்பும். ஃபில்டரே நனைந்திருக்கும். இழுப்பது என்றால் மேனிஃபோல்டின் உறிஞ்சல். வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், கதவுக்கு வலது பக்கம் மட்டும் எண்ணெய் நனைந்திருக்கும். வால்வு சீல்கள் காய்ந்துபோனாலும் உறிஞ்சல் எண்ணெயை இழுக்கும். ஆனால் அந்த எண்ணெய் மேனிஃபோல்டின் கடைசி விரல் நுனியில், சிலிண்டர் ஹெட்டை ஒட்டித்தான் தெரியும். முன்பக்கம் காய்ந்தே இருக்கும்.

ஒரு விஷயம். லேசாகக் கை வைத்தால் பிசுபிசுக்கும் அளவு எண்ணெய் ஓடின எந்த இன்ஜினிலும் உண்டு. முழு ஆக்ஸிலேட்டரில் மேடு ஏறும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் குறைந்துவிடுவதால், நல்ல வண்டியிலும் கொஞ்சம் ஃபில்டர் பக்கம் திரும்பும். பிசுபிசுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கேள்வி.

அண்ணாச்சி வேலையை ஆரம்பித்தார். எடுத்த எடுப்பிலேயே வண்டியைச் சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவினார். எண்ணெய் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது! பெரியப்பா "குறையுது குறையுதுன்னு" பயந்து, மூணு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறார். அளவுக்கு மேல் எண்ணெய் இருந்தால் சுற்றுகிற கிராங்க் அதில் போய் அடிக்கும். மோர் கடைகிற மாதிரி நுரை பொங்கி, அந்த நுரையும் திவலையும் மேலே ஏறிவிடும். குறைகிறது என்று ஊற்றியதே குறைவதற்கு ஒரு காரணமாகிவிட்டது. பெரியப்பா எதுவும் பேசவில்லை. மிச்ச எண்ணெயை வடித்து எடுத்தோம்.

பிறகு ஏர் ஃபில்டரைத் திறந்தோம். தூசி இருந்தது, எண்ணெய் இல்லை. த்ராட்டிலின் இடது பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்புத் தூசிதான் வந்தது. வலது பக்கம் துணியை விட்டால் சொதசொதவென்று நனைந்து வந்தது. "பாத்தியா? தள்ளலைடே, இழுத்திருக்கு" என்றார் அண்ணாச்சி.

அடுத்தது காகிதச் சோதனை. இதை நம் பள்ளியிலேயே எந்த சாரின் காரிலும் அவர் அனுமதியோடு செய்து பார்க்கலாம். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு, வாயில் ஒரு நோட்டுத் தாளை மெல்ல வைக்க வேண்டும். (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. தாவணி, டை, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.) தாள் லேசாக ஒட்டிக்கொண்டால் நல்லது. தூக்கித் தூக்கி அடித்தால் கீழே அழுத்தம் இருக்கிறது, ரிங்கைச் சந்தேகப்படலாம். பெரியப்பா காரில் தாள் ஒட்டியது மட்டுமல்ல, குழிந்து உள்ளே போகப் பார்த்தது. இழுவை அளவுக்கு அதிகம்!

பி.சி.வி. வால்வைக் கழற்றி அண்ணாச்சி என் காதருகே ஆட்டினார். நல்ல வால்வு டிக் டிக் என்று சத்தம் போடுமாம். இது ஊமையாக இருந்தது. ஐடிலிங்கில் உறிஞ்சல் பலமாக இருக்கும்போது அடைப்பான் மேலே போய் வழியைக் குறுக்க வேண்டும். அதுதான் அந்த வால்வின் முழு வேலையே. தார் மாதிரி கசடு பிடித்து அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இன்ஜின் சத்தம் ஏறி இறங்கியதற்கும் இதுதான் காரணம், கணக்கில் வராத காற்று இந்த ஓட்டை வழியாக மேனிஃபோல்டுக்குள் போயிருக்கிறது. சத்தம் வந்தாலே வால்வு நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சத்தமே வராவிட்டால் சந்தேகமில்லை.

பெரியப்பாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "ரிங் நிஜமாவே போகலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்காகக் கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கி வந்தோம். இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் துண்டித்து, த்ராட்டிலை முழுசாகத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். 165, 160, 155, 162 என்று வந்தது. நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மிகவும் குறைவாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திரும்பச் சுற்றுவார்கள். எண்ணெய் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். அளவு ஏறினால் ரிங் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு கோளாறு.

நான் துள்ளிக் குதித்து, "அப்போ ரிங் நூத்துக்கு நூறு!" என்றேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். பிஸ்டனில் மேலே இருக்கும் ரிங்குகள் வாயுவைப் பிடிப்பவை. கீழே இருக்கும் ஆயில் ரிங் எண்ணெயை வழிப்பது. ஆயில் ரிங் கசடில் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும், எண்ணெயும் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த எண்ணெய் நேராகச் சிலிண்டரில் எரியுமே தவிர, மேனிஃபோல்டு வரைக்கும் வந்து குட்டை கட்டாது. அதனால்தான் அவர் முதலில் இடத்தைக் கேட்டிருக்கிறார்.

இப்போது அந்தக் கூத்து. எவ்வளவு எண்ணெய் இந்த ஹோஸ் வழியாகப் போகிறது என்று அளக்க, வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு பாட்டிலை வைத்தால் அதில் தேங்கும் என்பது என் யோசனை. குடிதண்ணீர் பாட்டிலின் மூடியில் இரண்டு ஓட்டை போட்டு ஹோஸ்களைச் சொருகி, பசை போட்டு அடைத்தேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே பாட்டில் "டப்"பென்று நசுங்கி அப்பளமாகிவிட்டது! அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மேலே சொன்ன அந்தப் பதினேழு அங்குலத்தை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். பிறகு கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடிப் பிடித்தோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை உள்ளே வைத்தால் திவலை நன்றாகப் பிடிபடும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அண்ணாச்சி விடவில்லை. நாரில் ஒரு துணுக்கு உடைந்து சிலிண்டருக்குள் போனால் நாமே கோளாறை உண்டாக்கியது போலாகும் என்றார்.

இனிமேல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, நூறு கிலோமீட்டர் ஓட்டுவது, டப்பாவை இருமல் மருந்து மூடியால் அளப்பது. அறிவியல் வகுப்பில் மற்றதையெல்லாம் மாறாமல் வைக்கணும் என்று சார் சொல்வாரே, அதேதான். எண்ணெய் மட்டத்தைச் சரிசெய்த பிறகு முதல் நூறு கிலோமீட்டரில் ஆறு மூடி, அதாவது 60 மில்லி. புது வால்வு போட்ட பிறகு 25 மில்லி. வால்வு வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், அந்த வண்டியின் பார்ட் நம்பரையும் சொல்லி வாங்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஸ்பிரிங் வேறாக இருக்கும்.

25 என்பது நன்றாகக் குறைந்த அளவுதான். பெரியப்பா அதிலேயே திருப்தியாகிவிட்டார். எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. அண்ணாச்சிதான், "இன்னும் எங்கேயோ ஒருத்தன் இருக்கான்" என்று டேப்பட் கவரைக் கழற்றினார். கவரின் உள்பக்கம் வால்வு உட்காரும் இடத்துக்குக் கீழே ஒரு தகடு உண்டு. வாயு அதில் மோதித் திரும்பும்போது எண்ணெய்த் திவலை தகட்டில் ஒட்டி, சின்ன ஓட்டைகள் வழியாகக் கீழே சொட்டிவிடும். வாயு மட்டும் மேலே போகும். எங்கள் கவரில் அந்த ஓட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை. கறுப்புக் கசடு, பழைய ஊறுகாய் மாதிரி. சொட்ட வழியில்லாத எண்ணெய் தகட்டின் மேலேயே தேங்கி, வால்வு அதை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. கவரை ஒரு ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, காலையில் ஓட்டைகளைக் குத்தி எடுத்து, நன்றாகக் காயவைத்து, புது கேஸ்கட்டோடு மாட்டினோம். அதற்கடுத்த நூறு கிலோமீட்டரில் டப்பாவில் அரை மூடிகூட இல்லை. அதிலும் பாதி தண்ணீர், மோர் நிறத்தில்.

கசடு ஏன் வந்தது என்று கேட்டால் பெரியப்பாவைத்தான் கேட்க வேண்டும். எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தாரே தவிர, முழுசாக மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "புதுசுதானே ஊத்துறேன்" என்று நினைத்திருக்கிறார்.

மொத்தச் செலவு: வால்வு, கேஸ்கட், புது எண்ணெய், ஃபில்டர், நாலு பிளக், அண்ணாச்சி கூலி எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய். டவுன் ஒர்க்ஷாப்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நீலப் புகை, குறையும் எண்ணெய், நனைந்த மேனிஃபோல்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் முதலில் ரிங்தான் தோன்றும். அவர் கதவுக்கு இரண்டு பக்கமும் துணி விட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெரியப்பாவும் இப்படிச் சும்மா விட்டிருக்கக் கூடாது. மேனிஃபோல்டில் வரும் எண்ணெய் பிளக்கைக் கரியாக்கும், பெட்ரோலோடு எரிந்து இன்ஜினைத் தட்ட வைக்கும், சைலன்சர் பக்கம் இருக்கும் புகை சுத்திகரிப்பானையும் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டர்போ உள்ள டீசல் இன்ஜினில் எண்ணெய்க்கு இன்னொரு வழியும் உண்டு: டர்போவின் சீல் தேய்ந்தாலோ, அதிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் அடைத்தாலோ, எண்ணெய் நேராக மேனிஃபோல்டுக்கு வரும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை. அதனால் வரும் எண்ணெயையே டீசல் போல எரித்து, சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் வேகம் கூடிக்கொண்டே ஓடும். கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டு, உயர்ந்த கியரில் போட்டு கிளட்சை விட்டால் அடைத்து நின்றுவிடும். அது முடியாவிட்டால் வண்டியை விட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். காற்று வரும் குழாயைக் கையால் மூடப் போகவே கூடாது. டீசல் வண்டியில் எண்ணெய் குறைந்து புகையும் வந்தால் "அடுத்த வாரம் பாப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

செயின் பீரோவுக்குத் திரும்பிவிட்டது. கார் இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு 150 மில்லி எண்ணெய் குடிக்கிறது. ஆனால் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்துவிட்டு நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காய்ந்துபோன வால்வு சீல் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை அக்கா ஃபீஸ் கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். டிப்ஸ்டிக் பார்த்து எழுதிவைக்கும் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வரி.

– பதினோராம் வகுப்பு மாணவன், தொழிற்கல்விப் பிரிவு